குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

அம்மாவுக்கு வந்தது, அம்மாச்சிக்கும் வந்தது, அப்படியென்றால் எனக்கும் வருமா? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் இருப்பவர்களுக்கும், மரபணுப் பரிசோதனை அறிக்கை கையில் வந்து "பாசிட்டிவ்" என்ற ஒரு சொல்லைத் தாண்டிப் படிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. அப்பா வழியில் வந்த ஒரு மரபணு மாற்றத்தோடு வாழ்கிறவள், என் சொந்தக்காரப் பெண்கள் சிலரை ஆலோசனைக்கு அழைத்துப் போனவள். எதை எந்த வரிசையில் செய்தால் அலைச்சலும் பயமும் குறையும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். மருந்து, அறுவை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது பரம்பரையாக வந்ததல்ல. நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் பெற்றோரிடமிருந்து வந்த மரபணு மாற்றம் காரணமாக இருக்கிறது. ஆகவே குடும்பத்தில் ஒரே ஒருவருக்கு, அதுவும் எழுபது வயதுக்கு மேல் வந்திருந்தால், அது உங்களுக்கும் வரப்போகிறது என்று அர்த்தமில்லை. இளம் வயதில் வந்தது, ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்கு வந்தது என்றால்தான் கதை வேறு.

அதிகம் பேசப்படுவது பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்கள், மருத்துவமனைப் பேச்சில் பிராக்கா. முதலாவது 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-இல் அமெரிக்காவில் மேரி கிளேர் கிங் குழு காட்டியது, 1994-இல் அந்த மரபணுவே கண்டுபிடிக்கப்பட்டது, அடுத்த ஆண்டு 13-ஆவது குரோமோசோமில் இரண்டாவது. இவை எல்லோர் உடம்பிலும் உண்டு, ஆணுக்கும் உண்டு. செல்லுக்குள் டி.என்.ஏ. உடைந்தால் சரிசெய்வது இவற்றின் வேலை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான பிரதி வந்துவிட்டால் அந்தச் சரிசெய்யும் வேலை சறுக்க வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். புற்றுநோயே பிறக்கும்போது கூட வருவதில்லை. பி.ஏ.எல்.பி.2, டி.பி.53, சி.எச்.இ.கே.2, ஏ.டி.எம். என்று வேறு சில மரபணுக்களும் உண்டு, ஒவ்வொன்றின் ஆபத்தும் வேறு வேறு அளவு.

குடும்பத்தை எழுதி வையுங்கள்

பணம் செலவாகாத, ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படையான வேலை இது. ஒரு நோட்டை எடுத்து மூன்று தலைமுறையை எழுதுங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் தனித்தனியாக. நம் வீடுகளில் பெண்களுக்கு வரும் நோய் என்றதும் அம்மா, சித்தி, பெரியம்மா என்றே யோசிப்பார்கள், அத்தைகளும் அப்பாவின் அம்மாவும் கணக்கிலேயே வருவதில்லை. ஆனால் மாற்றம் அப்பாவிடமிருந்து வரவும் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. அப்பாவுக்கு ஒன்றும் வராமலேயே மகளுக்குக் கொடுத்திருக்கலாம், அதனால்தான் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்ததுபோல் தெரிகிறது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், அங்கேயே இறந்துபோன அத்தையைப் பற்றி அவர் பிள்ளைகளிடம் ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்க வேண்டியது: எந்த உறுப்பில் வந்தது, கண்டுபிடித்தபோது என்ன வயது (இறந்த வயது அல்ல), ஒரு மார்பிலா இரண்டிலுமா, சிகிச்சைச் சீட்டு ஏதாவது பெட்டியில் இருக்கிறதா. இதில் பெரிய சிக்கல், பழைய தலைமுறை நோயின் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். "வயிற்றில் கட்டி", "வயிறு வீங்கி நீர் கோத்துக்கிச்சு", "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க" என்றுதான் பதில் வரும். வயிறு வீங்கி நீர் கோத்தது என்பது சினைப்பைப் புற்றாக இருந்திருக்கலாம், அது பிராக்கா குடும்பங்களில் முக்கியமான தடயம். தாத்தாவுக்குக் கடைசியில் வந்த மஞ்சள் காமாலை சில சமயம் கணையப் புற்றின் அறிகுறியாக இருந்திருக்கும். உறுதியாகத் தெரியாவிட்டாலும் அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள், ஆலோசகர் அதிலிருந்து நிறைய எடுத்துக்கொள்வார்.

எழுதி முடித்தபின் பாருங்கள். ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்று, இரண்டு மார்பிலும் புற்று, எந்த வயதிலும் சினைப்பைப் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று, "டிரிபிள் நெகட்டிவ்" வகை (கட்டியின் அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றும் இல்லை என்று இருக்கும்), அல்லது ஒரே வழியில் மார்பகம், சினைப்பை, கணையம், ப்ராஸ்டேட் என்று கலந்து பலருக்கு. இவற்றில் ஒன்று இருந்தாலும் மரபணு ஆலோசனைக்குப் போவது நியாயம்.

பரிசோதனைக்கு முன்னால் ஆலோசனை

நேராக ஆய்வகத்துக்குப் போய் இரத்தம் கொடுத்துவிடாதீர்கள். இணையத்தில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கு வரும் எச்சில் பரிசோதனைகளில் சில, குறிப்பிட்ட சில மாற்றங்களை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடும், அந்த "ஒன்றுமில்லை"யை நம்பினால் ஆபத்து. தமிழ்நாட்டில் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் பரம்பரைப் புற்றுக்கான ஆலோசனை கிடைக்கிறது, மும்பையில் டாடா மெமோரியல் இருக்கிறது. அடையாறு நிறுவனத்தை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியதற்குப் பின்னால், தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் இருந்தது. குடும்பத்தில் பட்ட அடி ஒரு மருத்துவமனையாக எழுந்த ஊர் இது, அங்கே போய்க் குடும்பக் கதையைச் சொல்லக் கூச்சமே வேண்டாம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் நோய்" என்று உறவினர் யாராவது சொன்னால் ஒரு தகவல்: அஷ்கெனாசி யூதர்களிடம் (ஐரோப்பிய வம்சாவளி யூதர்கள்) அதிகம் காணப்படுவதாக உலகம் முழுக்கப் பேசப்படும் 185டெல்ஏஜி என்ற பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டறியப்பட்டிருக்கிறது.

ஆலோசனையில் முதலில் முடிவாக வேண்டியது, யாருக்குப் பரிசோதனை செய்வது என்பது. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். ஆரோக்கியமாக இருக்கும் மகள் பயந்துபோய்த் தன் இரத்தத்தைக் கொடுக்கிறாள். முதலில் செய்ய வேண்டியது புற்றுநோய் வந்தவருக்கு. அவரிடம் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு மிகவும் குறையும், பதிலும் உறுதியாக இருக்கும். அவரிடம் கண்டுபிடிக்காமல் உங்களுக்கு "நெகட்டிவ்" வந்தால், குடும்பத்தில் உள்ள மாற்றம் உங்களுக்கு வரவில்லையா, அல்லது பரிசோதனை பார்க்காத ஏதோ ஒன்று ஓடுகிறதா என்று சொல்லவே முடியாது. ஆகவே அம்மாவோ அக்காவோ இப்போது சிகிச்சையில் இருந்தால் தள்ளிப்போடாமல் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கவே மனசு வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேளுங்கள், ஏனென்றால் அவருடைய சிகிச்சைக்கும் அது உதவலாம். பிராக்கா மாற்றம் உள்ளவர்களுக்குப் பயன்படும் ஓலபாரிப் போன்ற மருந்துகள் இப்போது இருக்கின்றன.

ஆய்வகத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் பேனல்தானா? மரபணுவின் பெரிய துண்டு விடுபட்டிருந்தாலும் கண்டுபிடிக்குமா (இதற்கு எம்.எல்.பி.ஏ. என்ற முறை உண்டு)? அப்புறம், கட்டியிலிருந்து எடுத்த திசுவில் செய்த பரிசோதனையும் இரத்தத்தில் செய்வதும் ஒன்றல்ல. பரம்பரையா என்று உறுதிப்படுத்த இரத்தமோ எச்சிலோ வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பிராக்கா பரிசோதனை செய்வதில்லை, அவர்கள் வளர்ந்து தாங்களே முடிவு செய்யட்டும்.

அறிக்கையைப் படிப்பது

அறிக்கையில் "பேத்தோஜெனிக்" அல்லது "லைக்லி பேத்தோஜெனிக்" என்று இருந்தால் ஆபத்தைக் கூட்டும் மாற்றம் இருக்கிறது. குடும்பத்தில் தெரிந்த மாற்றம் உங்களிடம் இல்லை என்றால் அதுதான் உண்மையான நெகட்டிவ், மற்ற பெண்களைப் போன்ற ஆபத்துதான் உங்களுக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும் உங்கள் வழியாக அது போகாது. குழப்புவது மூன்றாவது வகை, வி.யு.எஸ். ஏதோ ஒரு வேறுபாடு இருக்கிறது, அது கெடுதலா சாதாரணமா என்று இன்னும் முடிவாகவில்லை என்பது அதன் பொருள். உலகத் தரவுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம் என்பதால் நம்மவர்களுக்கு இந்தப் பதில் கூடுதலாக வருகிறது. வி.யு.எஸ். வந்ததற்காக யாரும் அறுவை செய்துகொள்ளக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். அப்போது குடும்ப வரலாற்றை வைத்துத்தான் கண்காணிப்பு முடிவாகும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை அந்த வேறுபாட்டின் வகை மாறியிருக்கிறதா என்று ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்களுக்கு வருவோம். 2017-இல் வெளியான, பெரும்பாலும் மேற்கத்தியக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு பி.ஆர்.சி.ஏ.1 உள்ளவர்களுக்கு 72 சதவீதம், பி.ஆர்.சி.ஏ.2 உள்ளவர்களுக்கு 69 சதவீதம். சினைப்பைப் புற்றுக்கு முறையே 44, 17 சதவீதம். பயமுறுத்தும் எண்கள்தான். ஆனால் இது வாழ்நாள் முழுக்கச் சேர்ந்த கணக்கு. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அடுத்த ஆண்டு வரும் வாய்ப்பு இதில் மிகச் சிறிய பகுதி. ஆகவே மருத்துவரிடம் "அடுத்த ஐந்து ஆண்டில் எனக்கு எவ்வளவு, பத்து ஆண்டில் எவ்வளவு" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் படிப்பு, வேலை, குழந்தை என்று திட்டமிட முடியும்.

ஆண்களும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். பி.ஆர்.சி.ஏ.2 உள்ள ஆணுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு வாழ்நாளில் ஏறத்தாழ நூறில் ஏழு, ப்ராஸ்டேட் புற்று வாய்ப்பும் கூடுதல், நாற்பதிலிருந்து பி.எஸ்.ஏ. என்ற ப்ராஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். மகனுக்கும் மகளுக்கும் அவர் கடத்தும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

கண்காணிப்பு

மாற்றம் உறுதியான பெண்ணுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் முறை இது: பதினெட்டு வயதிலிருந்தே தன் மார்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருப்பது, இருபத்தைந்திலிருந்து ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை மருத்துவர் கையால் பார்ப்பது, இருபத்தைந்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ., முப்பதிலிருந்து அதோடு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே. குடும்பத்தில் முப்பதுக்கு முன்பே யாருக்காவது வந்திருந்தால் இன்னும் முன்னதாகத் தொடங்கச் சொல்வார்கள். எம்.ஆர்.ஐ.யையும் மேமோகிராமையும் ஆறு மாத இடைவெளியில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது பலருக்கு வசதி.

இளம் வயதில் ஏன் மேமோகிராம் மட்டும் போதாது என்றால், மார்பின் திசு அடர்த்தியாக இருப்பதால் படத்தில் எல்லாமே வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. கதிர்வீச்சும் சேர்வதால் சீக்கிரம் தொடங்குவதைத் தவிர்க்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை.

எம்.ஆர்.ஐ.க்குப் போகுமுன் ஸ்கேன் சென்டரில் "பிரெஸ்ட் காயில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். மார்பகத்துக்கென்றே உள்ள அந்தக் கருவி எல்லா இடத்திலும் இருப்பதில்லை. மாதவிடாய் நிற்காதவர்கள் மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 7-இலிருந்து 15-ஆம் நாளுக்குள் எடுப்பது நல்லது, மற்ற நாட்களில் ஹார்மோனால் திசு ஒளிர்ந்து வீண் சந்தேகம் கிளப்பும். குப்புறப் படுக்க வேண்டும், கையில் ஊசி வழியாகச் சாய மருந்து ஏற்றுவார்கள், சத்தம் பலமாக இருக்கும். குறுகிய இடத்தில் பயம் வருபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய படங்களையும் சி.டி.யையும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள், ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால்தான் புதிது எது, பழையது எது என்று ரேடியாலஜிஸ்ட் சொல்ல முடியும்.

திரும்ப வரச் சொல்வார்கள். இதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. நுணுக்கமாகப் பார்ப்பதால் சாதாரணமானதையும் சந்தேகத்தோடு காட்டும், அதனால் இன்னொரு ஸ்கேனோ பயாப்சியோ (சிறு திசுத் துண்டை எடுத்துப் பார்ப்பது) கேட்பார்கள், பெரும்பாலும் அது புற்றாக இருக்காது. மார்பக ஸ்கேனில் சந்தேகத்தின் அளவை எண்ணால் குறிப்பதுதான் பைராட்ஸ், அறிக்கையில் "பைராட்ஸ் 3" என்றால் கெடுதலாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவே. முடிவுக்காகக் காத்திருக்கும் அந்த நாட்கள் மட்டும் எத்தனை முறை வந்தாலும் பழகுவதில்லை. என்னால் முடிந்த ஒரே யோசனை, முடிவு எந்த நாளில் எந்த வழியில் வரும் என்று சென்டரிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புவது.

இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் வலியில்லாத கட்டி, தோல் உள்ளிழுப்பு, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, காம்பு புதிதாக உள்ளே போவது, இரத்தம் கலந்த கசிவு, அக்குளில் கட்டி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், அதே வாரம் போய்க் காட்டுங்கள். போன மாதம்தான் ஸ்கேன் நன்றாக வந்தது என்றாலும்கூட.

சினைப்பைக்கு இப்படி நம்பகமான கண்காணிப்பு இல்லை என்பதுதான் கசப்பான உண்மை. சி.ஏ.125 இரத்தப் பரிசோதனையும் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனும் செய்வார்கள், ஆனால் அவை உயிரைக் காக்கும் அளவுக்குச் சீக்கிரம் கண்டுபிடிப்பதாக நிரூபணமில்லை. "ஸ்கேன் நார்மல்" என்பதை வைத்துச் சினைப்பையை அகற்றும் அறுவையை (கீழே சொல்கிறேன்) ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

அறுவை, மாத்திரை

2013-இல் ஏஞ்சலினா ஜோலி இரண்டு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டதை வெளியில் சொன்னபின், மாற்றம் இருந்தால் உடனே அறுவைதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மார்பகத்துக்கு நல்ல கண்காணிப்பு இருப்பதால், அறுவையும் கண்காணிப்பும் இரண்டுமே மதிப்புள்ள வழிகள். அகற்றினால் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் குறையும், முழுக்கப் பூஜ்யமாகாது. தொடு உணர்ச்சி பெரும்பாலும் போய்விடும், பால் கொடுக்க முடியாது, மறுசீரமைப்பு செய்தால் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை ஆகலாம். உங்கள் அறுவை மருத்துவர் செய்த மறுசீரமைப்புகளின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள், வடு எங்கே வரும் என்று கேளுங்கள். கணவரோ மாமியாரோ அவசரப்படுத்தினாலும் தடுத்தாலும் சரி, உடம்பு உங்களுடையது.

சினைப்பை விஷயத்தில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன், மருத்துவர்களும் அப்படித்தான். கண்காணிப்பு கைகொடுக்காததால், குழந்தை பெற்று முடித்தபின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றச் சொல்கிறார்கள்: பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 40 முதல் 45-க்குள். இந்தப் புற்றில் பெரும்பகுதி கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது, ஆகவே குழாயையும் முழுதாக எடுக்க வேண்டும், எடுத்ததை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பரிசோதிக்கும் முறையில் பார்க்கும்படி நோய்க்குறியியல் பிரிவுக்கு எழுதச் சொல்லுங்கள். நம் ஊரில் ஃபைப்ராய்டு என்ற புற்றல்லாத கட்டிக்காகக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு சினைப்பையை விட்டுவைப்பது சகஜம். அப்படி ஒரு அறுவை உங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தால், மரபணு மாற்றத்தை முன்பே சொல்லிவிடுங்கள், இரண்டையும் ஒரே தடவையில் திட்டமிடலாம்.

அகற்றிய உடனே மாதவிடாய் நிறுத்தம் ஆரம்பமாகும். உடம்பு கொதிப்பது, தூக்கமின்மை, வறட்சி, எலும்பு தேய்மானம். மார்பகப் புற்று வராதவர்களுக்குச் சில ஆண்டுகள் ஹார்மோன் மாற்று சிகிச்சை கொடுக்கலாமா என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள், எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கும் தேதி வாங்குங்கள். ஆபத்தைக் குறைக்க டமோக்சிஃபென் மாத்திரையும் ஒரு வழி. சிலருக்கு ஏற்றது, சிலருக்கு இல்லை, கர்ப்பமாகத் திட்டமிடும்போது சாப்பிடக் கூடாது.

உணவு பற்றி ஒரு வரி. உடற்பயிற்சி, எடையைக் கட்டுக்குள் வைப்பது, மதுவைத் தவிர்ப்பது எல்லாம் நல்லது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் முள்சீத்தா கஷாயமோ வேறெந்தப் பத்தியமோ பழுதான மரபணுவை மாற்றாது, அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் சொல்வது, கல்யாணப் பேச்சு

எல்லாவற்றையும்விடக் கடினம் இதுதான். "வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது" என்று சொல்லி மறைப்பதால், அடுத்த வீட்டில் இருக்கும் சித்தப்பா மகளுக்குக்கூடத் தெரியாமல் போகிறது, அவள் முப்பத்தெட்டு வயதில் முற்றிய கட்டியோடு வந்து நிற்கிறாள். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரத்த உறவுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் இப்படி ஒரு செய்தி போதும்: "அக்கா, எனக்குச் செய்த மரபணுப் பரிசோதனையில் மார்பக, சினைப்பைப் புற்று வாய்ப்பைக் கூட்டும் ஒரு மாற்றம் தெரிந்திருக்கிறது. இது நம் அப்பா வழியில் வந்தது என்கிறார்கள். உனக்கும் அண்ணனுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரே ஒரு எளிய பரிசோதனையில் தெரியும். அறிக்கையை அனுப்புகிறேன், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு." பதில் வராவிட்டால் கோபப்படாதீர்கள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. சில மாதம் கழித்து மறுபடி ஒருமுறை கேளுங்கள்.

மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் மணம் முடிப்பவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே குடும்ப மாற்றம் இருவரிடமும் இருக்கலாம். அப்போது, முக்கியமாக பி.ஆர்.சி.ஏ.2, பி.ஏ.எல்.பி.2 மரபணுக்களில், இரண்டு பழுதான பிரதிகளும் குழந்தைக்குப் போக நான்கில் ஒரு வாய்ப்பு, அப்படிப் போனால் ஃபேன்கோனி அனீமியா என்ற கடுமையான நோய் வரலாம். சொந்தத்தில் முடிப்பதாக இருந்தால் கல்யாணத்துக்கு முன், ஏற்கெனவே முடித்திருந்தால் குழந்தைக்கு முன், இருவருமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். அசலில் கட்டுகிறவர்களுக்கும் என் கருத்து, நிச்சயத்துக்கு முன் வரப்போகிறவரிடம் நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. அதைக் கேட்டு விலகுகிறவர், நாளைக்கு அறுவைக்குப் பின் உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

காப்பீடும் ஒரு ஃபைலும்

மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் பரிசோதனைக்கு முன்பே அதைப் பற்றி யோசியுங்கள். படிவத்தில் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையாகவே பதில் எழுதுங்கள், பொய் எழுதினால் பின்னால் கிளைமே மறுக்கப்படும். நோய் வராமல் தடுக்கச் செய்யும் அறுவைக்குப் பணம் தருவார்களா என்பதை வாய்ப்பேச்சில் நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள்.

கடைசியாக ஒரு ஃபைல் போடுங்கள். குடும்ப வரைபடம், மரபணு அறிக்கை, ஒவ்வொரு ஸ்கேன் அறிக்கையும் சி.டி.யும், பயாப்சி முடிவுகள், அடுத்த தேதி. அறிக்கையில் மரபணுவின் பெயரும் மாற்றத்தின் பெயரும் எழுத்தும் எண்ணுமாக ஒரே வரியில் இருக்கும். அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து உடன்பிறந்தவர்களுக்கும், சித்தப்பா, அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். அவர்கள் என்றைக்குப் பரிசோதனைக்குப் போனாலும் ஆலோசகர் முதலில் கேட்பது அந்த வரியைத்தான்.